கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டாரில் ஏறாதது ஏன்? நம் ஊர் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

நாங்குநேரி, வள்ளியூர், இராதாபுரம், திசையன்விளை வட்டாரங்களில் கிணற்றை நம்பிப் பயிர் செய்பவர்கள் கோடை வந்ததும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீரும் கிடக்கிறது, ஆனாலும் குழாயில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை, காரணம் என்ன என்பதே அது. இந்தக் கேள்வி ஐரோப்பாவில் முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. உறிஞ்சு குழாய்கள் ஏறக்குறைய பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்பதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டார். அவருடைய கடைசி நாட்களில் உதவியாளராக இருந்த டாரிசெல்லி, தண்ணீரைப் போல 13.6 மடங்கு அடர்த்தி கொண்ட பாதரசத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தபோது, அது 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. இரண்டையும் பெருக்கினால் தண்ணீருக்கு 10.3 மீட்டர், அதாவது ஏறக்குறைய 34 அடி கிடைக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்று தன் எடையால் தாங்கிப் பிடிக்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் அவ்வளவுதான்.

வகுப்பறையில் இதைப் படித்தவர்களிலும் தம் வீட்டுக் கிணற்றோடு பொருத்திப் பார்த்தவர்கள் குறைவு என்பது என் வருத்தம். கிணற்றிலும் குழாயிலும் தொட்டியிலும் நீங்கள் கண்டதை விரிவாக எழுதுங்கள்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து, வாழை விவசாயி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுடையது பாறையை வெட்டி இறக்கிய கிணறு. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் கைக்கு எட்டும் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பங்குனி பிறந்தால் பாறையில் நீர் நின்ற கறை மட்டும் மேலே தெரிய, தண்ணீர் அடியில் கிடக்கும். தாத்தா காலத்தில் மாடு பூட்டிக் கமலை கட்டி இறைத்தார்கள். அப்பா காலத்தில் மின்சாரம் வந்து, கிணற்று மேட்டில் மூன்று குதிரைத்திறன் மோட்டார் உட்கார்ந்தது.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கோடையில், நீர்மட்டம் முப்பது அடிக்கும் கீழே இறங்கியது. அடியில் ஓர் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் கிடந்தும் மோட்டார் வெறுமனே சுற்றியது. தார் ஈன்ற வாழை கண்ணெதிரே வாடுவதைப் பார்த்த அப்பா, மோட்டார் விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டார். இருக்கிற மோட்டாருக்கு வலு போதவில்லை, ஐந்து குதிரைத்திறன் வாங்கினால் இழுத்துவிடும் என்று அவர் உறுதியாகச் சொல்ல, கடன் வாங்கிப் புதிய மோட்டாரை மாட்டினோம். அதிலும் தண்ணீர் வரவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்திருப்பாரா என்பதை நான் அறியேன். ஆனால் அந்தப் பணம் எங்கள் வீட்டில் அன்றைக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் அறிவேன்.

பிறகு பக்கத்து ஊரிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். குதிரைத்திறன் எத்தனை என்று அவர் கேட்கவே இல்லை. கயிற்று நுனியில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, அது தண்ணீரைத் தொட்டதும் கயிற்றில் முடிச்சுப் போட்டு மேலே எடுத்து முழம் போட்டு அளந்தார். அளந்து முடித்ததும், மோட்டாரை மாற்றிப் பயனில்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும் என்றார். கிணற்றுச் சுவரில் பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து இரண்டு இரும்புக் கர்டர்களைச் செருகி, அவற்றின்மேல் பழைய மூன்று குதிரைத்திறன் மோட்டாரையே சங்கிலி கட்டி இறக்கி உட்கார வைத்தார். சுவிட்சைப் போட்டதும் குழாய் நிறையத் தண்ணீர் கொட்டியது.

பின்னாளில் அதன் காரணம் எனக்குத் தெளிவானது. மோட்டாருக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட குழாயில் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே மோட்டாரின் வேலை. தண்ணீரை அந்தக் குழாய்க்குள் ஏற்றுவது, கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்று. அந்தக் காற்றுக்கு இருக்கும் வலு எவ்வளவோ அவ்வளவு உயரம்தான் தண்ணீர் ஏறும். ஐந்து என்ன, ஐம்பது குதிரைத்திறன் வைத்தாலும் அதைக் கூட்ட முடியாது. மோட்டாரைத் தாண்டிய பிறகு மேல்நோக்கித் தள்ளுவதற்கு இந்த வரம்பு கிடையாது, அங்கே குதிரைத்திறனுக்கு ஏற்ற பலன் கிடைக்கும். கமலைக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. அதில் கூனை என்னும் பாத்திரத்தோடு தண்ணீரை மாடு தூக்கியது. காற்றின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை.

வள்ளியூரிலிருந்து, மோட்டார் மெக்கானிக்

அண்ணாச்சி எழுதியது முற்றிலும் சரி. அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கணக்குப்படி 34 அடி என்றாலும், நடைமுறையில் இருபது அடிக்கு மேல் நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. எல்லாம் புதிதாகவும் சுத்தமாகவும் இருந்தால் இருபத்துமூன்று, இருபத்துநான்கு அடி வரை கிடைக்கலாம். குழாயின் அடிநுனியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் புட்வால்வில் ஒரு பங்கு, வளைவுகளில் ஒரு பங்கு, குழாயின் உராய்வில் ஒரு பங்கு என்று அழுத்தம் வழியிலேயே செலவாகிவிடுகிறது.

வேலைக்குப் போகும் இடங்களில், சுவிட்சைப் போடும் முன் மோட்டாரில் எதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சிறுவர்கள் கேட்பார்கள். உள்ளே காற்று இருந்தால், பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லர் காற்றைத்தான் வீசும், அதனால் தண்ணீர் ஏறாது என்று சொல்வேன். நிற்கும் மோட்டாரில் தண்ணீர் தங்காமல் ஒவ்வொரு நாளும் ஊற்ற வேண்டியிருந்தால் புட்வால்வின் தோலில் மணலோ இலையோ சிக்கியிருக்கும். ஓடும்போது தண்ணீர் விட்டு விட்டு வந்தால் உறிஞ்சு குழாயின் ஏதோ ஓர் இணைப்பில் காற்று புகுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மீதும் சோப்பு நுரையைத் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபட்டு மறையும். தண்ணீர் வெளியே கசியும் என்று தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனெனில் அந்தக் குழாயில் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு.

இன்னொன்றையும் காதால் கவனியுங்கள். தண்ணீர் ஆழத்துக்குப் போன காலத்தில் பம்புக்குள் சரளைக்கல் உருளுவது போல ஓர் ஓசை வரும். திறந்து பார்த்தால் கல் எதுவும் இருக்காது. ஆனால் இம்பெல்லரின் இறக்கைகளில், தண்ணீர் நுழையும் ஓரத்தில், அம்மைத் தழும்பாகச் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கும். விரலால் தடவினால் முள்ளாகக் குத்தும். அழுத்தம் மிகவும் குறைந்த இடத்தில் தண்ணீர் சூடு இல்லாமலேயே கொதித்துக் குமிழிகளாகிறது. அக்குமிழிகள் அழுத்தம் கூடிய இடத்துக்கு நகர்ந்ததும் சட்டென்று நொறுங்கி, இரும்பையே அரித்துவிடுகின்றன. அந்த ஓசை கேட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டு, அதைக் கீழே இறக்கும் வழியைப் பாருங்கள்.

பாளையங்கோட்டை ஆசிரியர்

வள்ளியூர்த் தம்பி சொன்ன தண்ணீர் ஊற்றும் செய்திக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். முப்பது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளக்கூடிய பம்பு, உள்ளே காற்று மட்டும் இருக்கும்போது முப்பது மீட்டர் உயரமுள்ள காற்றுத் தம்பத்துக்குச் சமமான அழுத்தத்தைத்தான் உண்டாக்கும். தண்ணீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப் போல் எண்ணூறு மடங்குக்கும் அதிகம். ஆகவே அந்தப் பம்பு அந்நிலையில் உறிஞ்சு குழாயில் தண்ணீரை நான்கு சென்டிமீட்டர்கூட உயர்த்தாது. ஒரு வாளித் தண்ணீர் செய்யும் வேலை அவ்வளவு பெரியது.

மலையில் இந்த வரம்பு இன்னும் குறையும். மாஞ்சோலை கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், உறிஞ்சும் உயரத்திலும் அதே அளவு கழிந்துவிடும்.

திசையன்விளையிலிருந்து, முருங்கை விவசாயி

எங்கள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு. நெடுங்காலம் கம்ப்ரசர் மோட்டார்தான் ஓடியது. நூறு அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீரைக் கம்ப்ரசர் எப்படி மேலே கொண்டுவருகிறது என்று எனக்கு நெடுநாள் வியப்பாக இருந்தது. காற்று தண்ணீரை முட்டித் தள்ளுகிறது என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். விவசாயக் கல்லூரியில் படித்த என் அக்காள் மகன் வேறு விளக்கம் கொடுத்தான். மெல்லிய குழாய் வழியே அடியில் விடும் காற்று, தண்ணீர்க் குழாய்க்குள் குமிழிகளாகக் கலக்கிறது. கலந்ததும் அந்தக் குழாயில் உள்ள நீர் எடை குறைந்துவிடுகிறது. வெளியே சுற்றிலும் நிற்கும் கனமான தண்ணீர் அதை மேலே ஏற்றிவிடுகிறது. கலவையின் அடர்த்தி தண்ணீரில் பாதி என்று வைத்துக்கொண்டால், நீருக்குள் நூறு அடி மூழ்கியிருக்கும் குழாயில் கலவை இருநூறு அடி உயரம் வரை நிற்கும், அதாவது நீர்மட்டத்துக்கு மேல் நூறு அடி.

இதைக் கேட்ட பிறகுதான், சித்திரையில் ஏன் வெறும் காற்றும் துப்பலுமாக வருகிறது என்பது எனக்கு விளங்கியது. நீர்மட்டம் இறங்க இறங்க, குழாயின் மூழ்கிய பகுதி குறைகிறது, ஏற்ற வேண்டிய உயரமோ கூடுகிறது. மணல் வரும் ஆழ்துளைக் கிணற்றுக்குக் கம்ப்ரசர் நல்லது, ஏனெனில் தேய்வதற்கு உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் மின்சாரத்தை அது விழுங்குவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. இப்போது நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறிவிட்டோம். அது தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு கீழிருந்து தள்ளுவதால், ஆசிரியர் ஐயா சொன்ன 34 அடிக் கணக்கு அதைக் கட்டுப்படுத்தாது.

பெருமாள்புரத்திலிருந்து, இல்லத்தரசி

கிணற்றுப் பேச்சுக்கு நடுவே வீட்டுச் செய்தியைக் கொண்டுவருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் தண்ணீர் நன்றாக வருகிறது, மாடிக் குளியலறையில் ஷவர் சொட்டுகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு இரண்டாயிரம் லிட்டர் வைத்தால் சரியாகும் என்று சொன்னார்கள். வைத்தும் பார்த்தோம், ஷவர் அப்படியேதான் சொட்டுகிறது. இன்னொரு சந்தேகமும் உண்டு. செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, மோட்டார் இல்லாமல் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

பாளையங்கோட்டை ஆசிரியர்

அம்மா, நீங்கள் கேட்டவை இரண்டும் இங்கே பேசிக்கொண்டிருக்கும் செய்தியின் பகுதிகள்தாம். தொட்டி எவ்வளவு அகலம், எத்தனை லிட்டர் என்பது அழுத்தத்துக்குப் பொருட்டே அல்ல. ஷவருக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது மட்டுமே கணக்கு. மாடிக் குளியலறைக்கு அந்த உயரம் நான்கைந்து அடிதான் இருக்கும். தொட்டியை ஒரு மேடை கட்டி உயர்த்துங்கள். ஆனால் உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் வேகம் இரு மடங்காகும். இந்த விதியையும் டாரிசெல்லியே 1644-இல் வெளியிட்டார். அதனால், மேடைக்கு முன்பு குழாயைப் பாருங்கள். ஒரே அழுத்தத்தில் அரை அங்குலக் குழாயைவிட ஓர் அங்குலக் குழாய் ஐந்து மடங்குக்கும் மேல் தண்ணீர் தரும்.

ஹோஸைப் பொறுத்தவரை, வாய் குறுகினால் அதே அளவு தண்ணீர் அதிக வேகத்தில் வெளியேறும் என்று பாடப் புத்தகப் பாணியில் பலர் விளக்குகிறார்கள். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை, ஏனெனில் வாளியில் பிடித்துப் பார்த்தால் விரல் வைத்தபின் வரும் தண்ணீர் குறைவு. வாய் திறந்திருக்கும்போது நீண்ட ஹோஸின் உராய்வே தொட்டியின் அழுத்தத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. விரலால் அடைத்ததும் உள்ளே ஓட்டம் மெதுவாகி, உராய்வு வெகுவாகக் குறைந்து, தொட்டியின் அழுத்தம் ஏறக்குறைய முழுமையாக உங்கள் விரல் நுனிக்கு வந்து சேருகிறது. பீய்ச்சும் வேகம் அதிலிருந்து பிறக்கிறது. உங்கள் மாடி ஷவருக்கும் இதே வழிதான்: தொட்டியிலிருந்து குளியலறைச் சுவர் வரை ஓர் அங்குலக் குழாயை, முடிந்தவரை வளைவில்லாமல் கொண்டுவந்து, கடைசி முழத்தில் மட்டும் அரை அங்குலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.