மூக்கு கழுவுற பாட்டில்ல நிஜமாவே பலன் இருக்கா?

அல்சூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பெங்களூர் வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஊர்ல இருந்தவரைக்கும் மூக்கால எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. இங்க வந்த ரெண்டாவது மார்கழியில ஆரம்பிச்சது. காலைல எழுந்ததும் இருபது, முப்பது தும்மல். அப்புறம் ஒரு பக்கம் அடைச்சுக்கும், மத்தியானம் மறுபக்கம். கன்னத்து எலும்பை யாரோ உள்ள இருந்து அமுக்குற மாதிரி வலி. குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினா தலை கனக்குது. தினம் அல்சூர்ல இருந்து மாரத்தஹள்ளிக்கு பைக்ல போறேன். வழி பூரா தூசியும் புகையும். ராத்திரி வாயாலதான் மூச்சு. நாலு வயசுப் பொண்ணு என் குறட்டைக்குப் பயந்து பாட்டி ரூமுக்குப் படுக்கப் போயிட்டா. அதுதான் மனசை உறுத்துது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், அலர்ஜி, அதோட நாள்பட்ட சைனஸ்னு சொன்னார். மூக்குக்கு அடிக்க ஸ்டீராய்டு ஸ்ப்ரே குடுத்துட்டு, "தினமும் உப்புத் தண்ணியால மூக்கைக் கழுவுங்க"ன்னார். எப்படின்னு கேக்கறதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

வீட்ல மாமியார் குடுத்த செம்புக் கெண்டி இருக்கு, அவங்க அப்பா ஜல நேத்திக்கு, அதாவது யோகா முறையில மூக்கு கழுவறதுக்கு, வச்சிருந்தது. மருந்துக்கடையில 240 மில்லி பிதுக்குற பாட்டில், உப்புப் பொட்டலத்தோட கிடைக்குது. ஆன்லைன்ல சார்ஜ் போடுற மெஷின் மூவாயிரத்துக்கு மேல. போன ஞாயிறு கெண்டியில வாஷ்பேசின் தண்ணியப் பிடிச்சு, கை அளவா உப்பு போட்டு ஊத்தினேன். நெத்தி வரைக்கும் எரிஞ்சது, காது அடைச்சுது, அரை நாள் படுத்துட்டேன். எங்க அப்பார்ட்மெண்ட் சம்ப்ல (தரைக்கு அடியில இருக்கிற தொட்டி) காவேரித் தண்ணியும் டேங்கர் தண்ணியும் கலந்துதான் வரும்.

இதுல உண்மையிலேயே நிவாரணம் கிடைக்குமா? கிடைக்கும்னா எதை வாங்கட்டும்?

ஜாலஹள்ளி டீச்சர் எழுதியது:

தம்பி, முதல்ல அந்தக் கெண்டியை அலம்பித் துடைச்சு சாமி அலமாரியில வச்சிடுங்க. உப்புத் தண்ணி பட்டா செம்பு பச்சை பூத்துடும். நேத்தி முறை நல்ல முறைதான், எனக்கு அதுமேல மரியாதை உண்டு. ஆனா பிளாஸ்டிக் பாட்டில் கழுவறதுக்குச் சுலபம், உள்ள அழுக்கு இருந்தா கண்ணுக்குத் தெரியும்.

நான் இருபது வருஷம் சைனஸோட பாடம் நடத்தினவ. சாக்பீஸ் தூள் பட்டாலே போதும். அடைப்பு எடுக்குற சொட்டு மருந்தை கைப்பையில வச்சுக்கிட்டு, வகுப்புக்கு வகுப்பு போட்டுக்குவேன். அது சில நாளுக்கு மேல போடக் கூடாத மருந்துன்னு எனக்கு யாரும் சொல்லல. போடப் போட மூக்கு இன்னும் அடைச்சுது. 2014ல சைனஸ் ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம்தான் இந்தப் பாட்டில் கைக்கு வந்தது. மூணாவது வாரம், காபிப்பொடி டப்பாவைத் திறந்தேன், வாசனை வந்தது. அடுப்பை அணைச்சுட்டு அப்படியே நின்னேன். எத்தனை வருஷம் ஆச்சுன்னு எண்ணிப் பார்த்தேன், கண்ணு கலங்கிடுச்சு.

செய்முறை சொல்றேன். பேசின் மேல முன்னால குனியணும், அண்ணாந்து பார்க்கக் கூடாது. வாயைத் திறந்து வாயாலயே மூச்சு விடுங்க. பாட்டிலை மெதுவா பிதுக்குங்க, ஒரு துவாரத்துல போய் மறு துவாரத்துல வரும். நடுவுல எச்சில் விழுங்காதீங்க, பேசாதீங்க. அழுத்திப் பிதுக்கினா காதுக்குத் தள்ளும், உங்களுக்கு அதுதான் ஆகியிருக்கும். அப்புறம் ரெண்டு துவாரமும் திறந்தபடி லேசா சிந்துங்க, ஒண்ணை மூடிக்கிட்டு பலமா சிந்தாதீங்க. தண்ணி கொஞ்சம் உள்ளேயே தங்கும். ஒரு நாள் கழுவின கையோட வாசல்ல கோலம் போடக் குனிஞ்சேன், மூக்குல இருந்து கொட்டி புள்ளியெல்லாம் கரைஞ்சு போச்சு. அதனால நாலஞ்சு தடவை குனிஞ்சு நிமிர்ந்து வடிய விடுங்க. கழுவினதும் ஹெல்மெட் மாட்டிக்கிட்டுக் கிளம்பிடாதீங்க. படுக்கப் போற நேரத்துலயும் வேண்டாம்.

வார்டு செவிலி எழுதியது:

அண்ணா, காது மூக்கு தொண்டை வார்டுல ஒன்பது வருஷமா வேலை பார்க்கறேன். டீச்சரம்மா சொன்ன முறை சரி. ஆனா தண்ணி விஷயத்தை அழுத்திச் சொல்லியாகணும். சம்ப் தண்ணியை அப்படியே மூக்குல விடவே விடாதீங்க. 2011ல அமெரிக்காவுல லூசியானாவில் குழாய்த் தண்ணியால நேத்தி செஞ்ச ரெண்டு பேர் இறந்து போனாங்க. நெக்லேரியாங்கிற அமீபா மூக்கு வழியா மூளைக்குப் போயிடுச்சு. அதே தண்ணியைக் குடிச்சா அது ஒண்ணும் செய்யாது, மூக்குதான் அதோட வாசல். கேரளாவில் 2024லயும் 2025லயும் அமீபா மூளைக்காய்ச்சல் வந்ததை எல்லாரும் படிச்சிருப்பீங்க. அபூர்வம்தான், ஆனா வந்துட்டா பிழைக்கிறவங்க ரொம்பக் கம்மி. தண்ணி நல்லாத் தளதளன்னு கொதிச்ச பிறகு, மூணு நிமிஷமாவது அப்படியே கொதிக்கட்டும். மூடி வச்சு ஆற விட்டு, வெதுவெதுப்பா இருக்கும்போது எடுங்க. 24 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்காதீங்க. இல்லன்னா மருந்துக்கடையில டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க.

எரிஞ்சதுக்குக் காரணம் உப்பு அளவு. நம்ம உடம்புத் திரவத்துக்கு ஒத்தது 0.9 சதவீதம், அதாவது 240 மில்லிக்கு 2.2 கிராம் சுமார். குறைஞ்சாலும் எரியும், ரொம்பக் கூடினாலும் எரியும். பொட்டலத்துல இந்த அளவு சரியா இருக்கும், எரிச்சல் குறைய சோடா உப்பும் சேர்த்திருப்பாங்க. கல் உப்பு வேண்டாம், மண்ணும் அழுக்கும் இருக்கும்.

பலன் பத்தி: 2007ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 127 பேரை ரெண்டாப் பிரிச்சு எட்டு வாரம் பார்த்தாங்க. பாட்டிலால நிறையத் தண்ணி விட்டுக் கழுவினவங்களுக்கு, வெறும் உப்புத் தண்ணி ஸ்ப்ரே அடிச்சவங்களை விட நல்ல குணம். தொந்தரவு அடிக்கடி வருதுன்னு சொன்னவங்க பாட்டில் பக்கம் 40 சதவீதம், ஸ்ப்ரே பக்கம் 61. சளி, தூசி, மகரந்தம் எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போக அவ்வளவு தண்ணி வேணும். ஆனா மருந்தை நிறுத்திட்டு இதை மட்டும் நம்பாதீங்க. முதல்ல கழுவிட்டு, பத்து பதினைஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடிங்க. சளி மேல அடிச்சா மருந்து சளியோடயே போயிடும். மூக்கு சுத்தமா அடைச்சிருக்கிற அன்னைக்கும், காதுவலி, ரத்தக்கசிவு இருக்கிற அன்னைக்கும் கழுவ வேண்டாம்.

கம்மனஹள்ளிக்காரன் எழுதியது:

நான் அந்த மெஷினை வாங்கினவன். தண்ணி ஒரே சீரா வரும், அது நிஜம். ஆனா உள்ள இருக்கிற குழாயை முழுசா காய வைக்க முடியல. ரெண்டு மாசத்துல கறுப்பா பூஞ்சை பிடிச்சுது, தூக்கிப் போட்டுட்டேன். பாட்டிலுக்கு மாறியும் எனக்கு அடைப்பு குறையல. பிறகுதான் மூக்குல ரெண்டு பக்கமும் பாலிப், அதாவது சதை வளர்ச்சி, இருக்குன்னு தெரிஞ்சது. கழுவினா சதை கரையாது, ஆறு மாசம் வீணாக்கிட்டேன். உங்களுக்கு ஸ்கேன் எடுத்தாச்சு, அதனால தைரியமா ஆரம்பிங்க.

அல்சூர்வாசி எழுதியது:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பாட்டில்தான் வாங்கினேன். வேலை விட்டு வந்ததும் குளிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, காலைல சீக்கிரம் எழுந்து ஒரு தடவை. ராத்திரி சமையல் முடிஞ்சதும் என் மனைவியே தண்ணி கொதிக்க வச்சு ஃபிளாஸ்க்ல ஊத்திடறா. சாயங்காலம் கழுவினா முதல்ல வர்ற தண்ணி சாம்பல் நிறத்துல இருக்கு. அதைப் பார்த்த நாள்ல இருந்து ஒரு வேளை கூட விட மனசு வரல.

கன்ன வலி மூணாவது வாரத்தோட போச்சு. ஷூ லேஸ் குனிஞ்சே கட்டறேன். காலைத் தும்மல் இன்னும் இருக்கு, எட்டு பத்துல நிக்குது. இதுல கழுவினது எவ்வளவு, ஸ்ப்ரே எவ்வளவுன்னு என்னால பிரிக்க முடியல. நடுவுல ஊருக்குப் போனப்ப நாலு நாள் கழுவல, ஸ்ப்ரே மட்டும் அடிச்சேன். அஞ்சாவது நாள் கனம் திரும்ப வந்தது.

டீச்சரம்மா, நீங்க சொன்ன மாதிரி குனிஞ்சு நிமிர்ந்து வடிய விடறேன், காது அடைக்கவே இல்ல. குறட்டை குறைஞ்சிருக்குன்னு மனைவி சொல்றா. பொண்ணு இன்னும் பாட்டி ரூம்லதான். வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறேன், ஸ்ப்ரேயைக் குறைக்கலாமான்னு கேட்டுட்டு வந்து எழுதறேன்.