தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் இறங்கியது

கோத்தகிரியிலிருந்து:

முடி கொட்டுவதற்கும் பருவுக்கும் சேர்த்து வைத்தியம் தேடி அலைபவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கு நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்.

ஆகஸ்டில் எனக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் படுக்கை. உடம்பு தேறி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, நவம்பரில் முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் மட்டும் இல்லை, தலையணையில், ஸ்வெட்டர் தோளில், சாப்பாட்டுத் தட்டில்கூட. குளித்து முடித்தால் தண்ணீர் போகும் வழியை முடி அடைத்துக்கொள்ளும். அதைக் குனிந்து எடுக்கும்போதெல்லாம் கண் கலங்கும்.

கூடலூருக்குப் போயிருந்த அம்மா அங்கிருந்து நீலிபிருங்காதி எண்ணெய் வாங்கி வந்தார். அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், முடக்கத்தான், பால் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது. பச்சையாக, நல்ல மணத்தோடு இருக்கும். நல்ல எண்ணெய்தான், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் அதைப் பயன்படுத்திய விதம்தான் தப்பு. தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது என்பதால் எங்கள் ஊர்க் குளிரில் கட்டியாக உறைந்துவிடும். தினமும் இரவு பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்கி, தலை நிறையத் தேய்த்து, கம்பளிக் குல்லாவை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவேன். நிறைய வைத்தால் நிறைய வளரும் என்று நம்பினேன்.

மூன்று வாரத்தில் நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாகப் பருக்கள் வந்தன. பிறகு கன்னப்பொறியிலும் கன்னத்திலும். எனக்குச் சிறு வயதிலிருந்தே சோப்பு மாற்றினாலே சிவந்துபோகும் தோல். அந்த முகத்தில்தான் ஒரு கடையில் லேபிள் இல்லாமல் பொட்டலமாகக் கொடுத்த நலங்கு மாவை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசினேன். ஜனவரி மாதம், உறைபனிக் காலம். காலை பத்து மணி வெயில் இதமாக இருந்ததால் பஸ் வரும்வரை வெயிலிலேயே நின்றேன். மறுநாள் முகம் தீப்பட்டதுபோல் எரிந்தது. இரண்டு கன்னத்திலும் கறுத்த திட்டு.

குன்னூரில் பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேதப் பட்டம் படித்த மருத்துவர் ஒருவரைத் தோழி சொன்னார். அறுபதை நெருங்கும் பெண்மணி. நான் போனதும் முகத்தைப் பார்க்கவில்லை, மருந்து எழுதவில்லை. காலையில் எழுவதிலிருந்து இரவு படுப்பது வரை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ஒரு பஞ்சை எடுத்து, என் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை ஓரமாக ஒரு முறை துடைத்து மேசைமேல் வைத்தார். அன்று காலைதான் தலைக்குக் குளித்திருந்தேன். ஆனாலும் பஞ்சில் வெளிர்பச்சையாக ஒரு கோடு இருந்தது.

“இரவு முழுக்க இது உங்கள் நெற்றியில்தான் இருக்கிறது, அம்மா. மேலே குல்லா வேறு. தோலில் இருக்கிற துளைகள் அடைபடாமல் என்ன செய்யும்?” என்றார்.

தேங்காய் எண்ணெய் பருத் தோலுக்கு ஆகாது என்பது எனக்கு அதுவரை தெரியாது. தலைக்கு நல்லது முகத்துக்கும் நல்லது என்றே வளர்ந்தவர்கள் நாம்.

நலங்கு மாவில் கார்போக அரிசி கலந்திருந்தார்களா என்று கேட்டார். மீதிப் பொட்டலத்தைக் கொண்டுபோயிருந்தேன். முகர்ந்து பார்த்து, இருக்கிறது என்றார். வெண்புள்ளிக்கு மருந்தாகப் பூசி வெயில் காட்டச் சொல்லும் சரக்கு அது. தோல் வெயிலை அதிகமாக வாங்கும்படி செய்யும். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். இரண்டையும் பூசிக்கொண்டு மலை வெயிலில் நின்றிருக்கிறேன். குளிரில் வெயில் உறைக்காதே தவிர, உயரம் கூடக்கூடப் புற ஊதாக்கதிரும் கூடும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்துக் கேட்டது வெந்நீர். எங்கள் ஊரில் ஆவி பறக்கப் பறக்கத் தலையில் ஊற்றிக்கொள்ளாவிட்டால் குளித்ததாகவே இருக்காது. வெந்நீர் உடம்புக்குப் பலம், அதே வெந்நீர் தலைக்குப் போனால் முடிக்கும் கண்ணுக்கும் கேடு என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் வாக்படர் எழுதியிருக்கிறாராம். அந்தச் சுலோகத்தை அவர் மனப்பாடமாகச் சொன்னார்.

கடைசியாகத் தேநீர். நான் சாப்பாட்டோடு சேர்த்தே குடிப்பேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்றார். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றும் பார்த்துவரச் சொன்னார். எனக்கு ஃபெரிட்டின் 9, மிகவும் குறைவு. “இதைக் கஷாயத்தால் ஈடுகட்ட முடியாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும்” என்று அவரே பொது மருத்துவரிடம் அனுப்பினார். அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

அவர் எழுதியது கொஞ்சம்தான். மஞ்சிட்டி என்ற மூலிகை வேர் சேர்ந்த ஒரு கஷாயம். முகத்துக்கு இரண்டு வாரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. அதே நீலிபிருங்காதி எண்ணெயை வாரம் இரண்டு நாள், வகிடு பிரித்து வேர்க்காலில் மட்டும், அரை மணி நேரம். பிறகு வெதுவெதுப்பான நீரில், செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளி என்ற வழவழப்பான சாற்றைத் தேய்த்து அலச வேண்டும். இலையை மேட்டுப்பாளையத்திலிருந்து பெரியம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் வெண்டைக்காய்போல் வழவழவென்று வரும்; அதை வடிகட்டித் தேய்த்தால் எண்ணெயும் போகும், தலை வறண்டும் போகாது. தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

ஐந்து வாரத்தில் நெற்றி தெளிந்தது. கறுத்த திட்டு மங்க நான்கு மாதம் ஆனது. மே மாதம் வகிட்டின் இரு பக்கமும் விரல்கடை நீளத்துக்குப் புதுமுடி குத்திட்டு நின்றது. காய்ச்சலுக்குப் பிறகு கொட்டும் முடி சில மாதத்தில் தானாகவே நிற்கும் என்றும் அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். எல்லாப் பெருமையையும் எண்ணெய்க்குக் கொடுக்காதீர்கள் என்பார்.

கொடைக்கானலிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. எனக்கு வந்தது புழுவெட்டு. பின்மண்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழப்பாக முடி போய்விட்டது. எங்கள் பக்கம் மலைப்பூண்டுக்குப் பஞ்சமா? 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. பச்சையாக நசுக்கித் தேய்த்தால் புழு செத்துவிடும் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்ல, இரவு தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் அந்த இடம் கொப்பளித்து நீர் வடிந்தது.

பழனியில் பார்த்த வைத்தியர் ஐயா புண் ஆறத்தான் முதலில் மருந்து கொடுத்தார். அதில் புழுவே கிடையாது, உடம்பின் காவல் சக்தி தன் முடியின் வேரையே தாக்குவதால் வருவது என்று பொறுமையாக விளக்கினார். ஆயுர்வேதத்தில் இந்திரலுப்தம் என்பார்களாம். சிறிய திட்டு என்றால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானே முளைக்கும், பரவினால் தோல் மருத்துவரிடம் போய்விடு தம்பி என்றார். ஏழாவது மாதம் முளைத்தது, முழுக்க வெள்ளையாக. இருபத்து நான்கு வயதில் நரையா என்று பதறிப் போனேன். முதலில் வெள்ளையாகத்தான் வரும், பிறகு கறுக்கும் என்றார். அப்படியே ஆனது.

கூடலூரிலிருந்து:

கோத்தகிரி சகோதரிக்கு ஒரு கேள்வி. என் தங்கைக்கும் இதே நெற்றிப் பருதான். இப்போது மூன்றாவது மாதம் கர்ப்பம். அந்தக் கஷாயத்தை அவளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து:

வேண்டாம், தயவுசெய்து வாங்கிக் கொடுக்காதீர்கள். கர்ப்பம் தரித்தால் உடனே நிறுத்திவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பதுதான் மருத்துவர் என்னிடம் சொன்ன முதல் நிபந்தனை. தங்கை பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமே கேட்கட்டும். அதுவரை இரவில் எண்ணெய் வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். தலையணை உறையையும் அடிக்கடி துவைத்து மாற்றச் சொல்லுங்கள். என் மருத்துவர் பஞ்சைக் காட்டிய அன்று வீட்டுக்கு வந்து என் உறையைப் பார்த்தேன், நடுவில் பச்சையாக ஒரு வட்டம் இருந்தது.