எல்லாமே பொது என்றால் ஓபி அடிக்கிறவனை என்ன செய்வார்கள்?

தயிர்சாதம்:
ஹட்டரைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவைப் பற்றி இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1528இல் மொராவியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) தொடங்கியவர்கள், இப்போது கனடாவிலும் அமெரிக்காவிலும் விவசாயம் பார்க்கிறார்கள். நிலம், டிராக்டர், வங்கிக் கணக்கு எல்லாம் பொது, சம்பளம் கிடையாது, சாப்பாடுகூட பொதுக்கூடத்தில்தான். இப்படி ஒரு ஊரில் ஓபி அடிக்கிறவனுக்குத்தானே லாபம்? நாலு பேர் அடித்தால் மிச்சப்பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார்களா? பண்பாட்டுக் குழுத் தேர்வு என்று ஏதோ விளக்கம் சொல்கிறார்கள், புரியவில்லை.

நெட்டைக்கொக்கு:
குழுத் தேர்வு என்பது இதுதான்: ஊருக்குள் பார்த்தால் சுயநலக்காரன் ஜெயிப்பான், ஊருக்கும் ஊருக்கும் போட்டி என்று பார்த்தால் ஒத்துழைக்கிற ஊர் ஜெயிக்கும். டார்வினே 1871இல் இதைத் தொட்டிருக்கிறார். 'பண்பாட்டு' என்று சேர்ப்பது, இங்கே தலைமுறை தாண்டுவது மரபணு இல்லை, பழக்கமும் கட்டுப்பாடும் என்பதால்.

அவர்கள் ஊர் பிரிக்கிற விதத்தைப் பாருங்கள். ஆட்கள் 130, 150 என்று ஏறினால் வேறு இடத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, வயதும் ஆண் பெண் கணக்கும் சமமாக வருகிற மாதிரி குடும்பங்களை இரண்டு பட்டியலாக எழுதுவார்கள். பரிணாம உயிரியலாளர் டேவிட் ஸ்லோன் வில்சன் எடுத்துக்காட்டுவது அடுத்த கட்டத்தை: யார் போகப்போவது என்று தெரியாமலே எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும், அப்புறம்தான் திருவுளச்சீட்டு. தேறாத ஆட்களையெல்லாம் ஒரே பட்டியலில் தள்ளிவிட்டுத் தப்பிக்க முடியாது, அந்தப் பட்டியலே நம் தலையில் விழலாம்.

வடக்குவீதி:
சீட்டு விஷயம் பிரமாதம்தான், ஆனால் இதற்குக் குழுத் தேர்வு எதற்கு? 1950 வாக்கில் அவர்களில் மணமான பெண்ணுக்குச் சராசரியாகப் பத்துக் குழந்தைக்கு மேல். 1870களில் அமெரிக்காவின் டகோட்டாவுக்கு வந்து பொதுச்சொத்தோடு வாழ்ந்தவர்கள் சுமார் 400 பேர், இன்று 40,000த்துக்கு மேல். பெற்றுப் பெருகினார்கள், அவ்வளவுதான். ஷேக்கர் என்கிற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரும் சொத்தைப் பொதுவில் வைத்தவர்கள், கட்டுப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிரம்மச்சரியம். 19ஆம் நூற்றாண்டில் சில ஆயிரம் பேர் இருந்தார்கள், இன்று விரல் விட்டு எண்ணலாம்.

நெட்டைக்கொக்கு:
நிறையப் பெறு என்பதும் மதம் சொல்லித்தந்ததுதானே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் பிறப்பு மட்டும்தான் காரணம் என்றால் ஒன்று இடிக்கிறது. அதே காலத்தில் உக்ரைனிலிருந்து கப்பலேறி வந்த அவர்களுடைய உறவினர்கள் இன்னும் 800 பேருக்கு மேல் தனித்தனியாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதே மதம், அதே ஜெர்மன் பேச்சு. அவர்கள் வாரிசுகள் பெரும்பாலும் மென்னோனைட் என்கிற வேறொரு கிறிஸ்தவப் பிரிவின் சபைகளில் கரைந்துவிட்டார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், ஹட்டரைட்டாக நிற்கவில்லை.

வடக்குவீதி:
சரி, அந்த 800 பேர் கணக்கு எனக்குத் தெரியாது. ஊர் ஊரை வென்றது என்பதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளைப் பிடித்துவைத்தது கட்டுப்பாடு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தயிர்சாதம்:
இருவருக்கும் நன்றி. எனக்கு அந்த மூட்டை கட்டுகிற ராத்திரிதான் மனதில் நிற்கிறது. சீட்டு விழாத வீட்டில் அத்தனை பாத்திரத்தையும் மறுபடி பிரித்து அடுக்க வேண்டுமா? பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறியதற்கே எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை.