கிரேவ்ஸ், கிராவிஸ்: தமிழில் குழம்பாமல் இருக்க

நண்பர்களுக்கு வணக்கம்.

மயஸ்தீனியா கிராவிஸ் (myasthenia gravis) என்ற நோய்க்குத் தமிழ்ச்சொல்லாகத் 'தசைநலிவு' என்று நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். எனக்கு அதில் தயக்கம் உண்டு. தசை மெலிந்து தேய்வதையும் நலிவு என்றுதான் எழுதுகிறோம். இந்த நோயில் கோளாறு தசையில் இல்லை, நரம்பும் தசையும் சேரும் இடத்தில். நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகளை உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே தாக்குகின்றன. அதனால் வேலை செய்யச் செய்ய வலு குறையும். ஓய்வு கொடுத்தால் திரும்பும்.

என் பெரியம்மாவுக்குத் தைராய்டு மிகை (தைராய்டு அளவுக்கு மிஞ்சிச் சுரப்பது) முதலில் வந்தது. காலையில் கோலம் போடும்போது முகம் எப்போதும்போல இருக்கும். மாலையில் பூக்கட்ட உட்கார்ந்தால் இடது இமை பாதிக் கண்ணை மூடிவிடும், நார் இரண்டாகத் தெரிகிறது என்பார். எல்லாம் தைராய்டுதான் என்று பல மாதம் போயிற்று. பிறகு பார்த்த மருத்துவர், கண்ணை எடுக்காமல் விட்டத்தையே பார்க்கச் சொன்னார். இமை மெல்ல மெல்ல இறங்கியது. கையுறைக்குள் பனிக்கட்டி போட்டு இரண்டு நிமிடம் அதன்மேல் வைத்தார். எடுத்தபோது இமை ஏறியிருந்தது. இமை தொய்ந்ததற்குக் காரணம் மயஸ்தீனியா.

அயர்ந்தவர் சற்றுப் படுத்தால் எழுந்துவிடுவார். அதனால் 'தசை அயர்வு' என்கிறேன். கண்ணோடு நின்றுவிட்டால் 'கண்தசை அயர்வு'. கிராவிஸ் என்றால் லத்தீனில் கடுமையானது. ஆனால் 'கடும்' என்று முன்னால் ஒட்ட வேண்டாம், நோயாளி பயந்துபோவார்.

கிரேவ்ஸ் வேறு, அது தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய். 1835இல் அதை விவரித்த அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயரே அதற்கு. ஜெர்மனியில் பாசடோ நோய் என்பார்கள். அதில் இமை தொய்வதில்லை, மேலே இழுபடும், விழி பிதுங்கும். கண்ணை அசைக்கும் தசைகள் வீங்கி விறைப்பதால் அங்கேயும் இரட்டைப் பார்வை வரும். ஒன்றில் தசை அயர்கிறது, மற்றதில் இறுகுகிறது. கிரேவ்ஸ் உள்ளவருக்கு இமை தொய்ந்தால் தசை அயர்வும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதனால்தான் 'இமையேற்றம்', 'இமைத்தொய்வு' இரண்டையும் பிரித்தே எழுதக் கேட்கிறேன். இமைக் கோளாறு என்று பொதுவாக எழுதினால் அந்தத் தடயம் போய்விடும்.

கிரேவ்ஸில் வரும் கண் பாதிப்புக்குத் 'தைராய்டுக் கண்நோய்' என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். தைராய்டைக் கேடயச் சுரப்பி என்றால் மருந்துக்கடையில் யாருக்கும் புரியாது.

சேர்த்து எழுதினால் 'தசையயர்வு' என்றாகிறது; வாசிக்கும்போது நாக்கு இடறுகிறது. பிரித்தே எழுதலாமா? சொல்லுங்கள்.