ஒலிகோட்ரோஃப்: ‘குறையூட்ட உயிரி’ வேண்டாம், ‘சிற்றூட்ட உயிரி’ என்போம்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மிகக் குறைந்த ஊட்டமுள்ள இடத்திலேயே வாழும் நுண்ணுயிரிக்கு ஒலிகோட்ரோஃப் என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்த ‘குறையூட்ட உயிரி’யை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். குறையூட்டம் என்றதும் அவர்களுக்குத் தோன்றுவது சத்துக்குறைபாடுதான். இந்த நுண்ணுயிரிகளோ நோஞ்சான்கள் அல்ல.

தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை வெடிப்பு நீரைப் பாருங்கள். வெயிலின் ஆற்றல் எதுவும் அங்கே போய்ச் சேராது. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்கிறது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜனையும் சல்ஃபேட்டையும் வைத்தே டீசல்ஃபோருடிஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. 2008இல் வெளியான ஆய்வின்படி, அந்த நீரில் கிடைத்த டி.என்.ஏ.வில் 99 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஒரே இனத்துடையது. கார்பனையும் நைட்ரஜனையும் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் மரபணுக்கள் அதனிடம் உண்டு. எவ்வளவு நிறைவான உயிர்! அதன் பெயரில் ‘குறை’யை ஒட்டுவது எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று. பட்டினி கிடக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவும் ஒலிகோட்ரோஃபும் ஒன்றல்ல. முன்னது நல்ல தீனிக்குக் காத்திருக்கிறது. பின்னதற்குக் கொஞ்சமே போதும். ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் வழக்கமான ஊடகமான நியூட்ரியன்ட் அகாரில், லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன் என்ற புரதத் தீனி இருக்கும். நீர்வாழ் பாக்டீரியாக்கள் பல அதில் வளர்வதேயில்லை. 1985இல் வந்த ஆர்2ஏ ஊடகத்தில் பெப்டோன் 0.5 கிராம்தான், சில நாள் பொறுத்தால் அவை அதில் முளைத்துவிடும். ‘குறையூட்ட’ என்பதைப் பட்டினி நிலைக்கே விட்டுவிடலாம்.

இதே உயிரிக்கு ‘ஆழ்நீர் உயிரி’ என்று இன்னோர் அம்மையார் பரிந்துரைத்த சொல்லும் பொருந்தாது. சத்தில்லாத நடுக்கடலின் மேல்நீரில் வாழும் பெலாஜிபாக்டர் என்ற பாக்டீரியாவும் ஒலிகோட்ரோஃப்தான். “நம்ம மீஞ்சூர் போர் தண்ணியிலயும் இது இருக்குமா சார்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மீஞ்சூரில் கொசஸ்தலையாற்று வண்டலில் ஊறும் நீர் மழையால் புதுப்பிக்கப்படுவது. அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீரும் புகுந்துவிட்டது. அதை ம்போனெங் நீரோடு சேர்த்துப் பேச முடியாது. போரின் ஆழத்தை வைத்து ஊட்டத்தைச் சொல்லவும் முடியாது.

பெயரின் முடிவில் ‘-உண்ணி’ என்று சேர்ப்பதும் வேண்டாம். ஹைட்ரஜனிலிருந்து ஆற்றல் பெறுவதை உண்பது என்று சொல்ல நா எழவில்லை. நாய் உண்ணி வேறு நினைவுக்கு வரும்.

ஆகவே சிறு + ஊட்டம் = சிற்றூட்டம், சிற்றூர் போல. நீருக்கும் ஆகும், உயிருக்கும் ஆகும்: சிற்றூட்ட நீர், சிற்றூட்ட உயிரி, குறைந்த ஊட்டத்தில் மட்டுமே வாழக்கூடியதற்குக் கட்டாயச் சிற்றூட்ட உயிரி. எதிர்ச்சொல்லாகப் பேரூட்ட உயிரி என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பேரூட்டம் என்று வேளாண்மையில் ஏற்கெனவே சொல்கிறார்கள். அதனால் ஊட்டம் மிகுந்த இடத்தில் வாழும் கோப்பியோட்ரோஃபுக்கு ‘நிறையூட்ட உயிரி’ என்கிறேன். சிற்றூட்டத்தை, பயிருக்குச் சிறிதளவே தேவைப்படும் சத்துகளான நுண்ணூட்டத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டா என்பதை வேளாண் துறையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.