உலக இட்லி தினம்: உப்பு அரைத்தவுடனேயா, பொங்கின பிறகா?

கல்லுரல்:
மார்ச் 30 நெருங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்ற ஆரம்பித்துவிட்டது: "உலக இட்லி தினத்தன்று குடும்பத்துக்கு மல்லிப்பூ இட்லி! ரகசியம் ஒன்றுதான். மாவு பொங்கிய பிறகே உப்பு போடவும். முதலில் போட்டால் நல்ல பாக்டீரியா செத்துவிடும்."

இதை எழுதின புண்ணியவானைக் கேட்கிறேன். உப்பு போட்டால் செத்துவிடும் என்றால் சித்திரை மாதம் ஊரெல்லாம் மாவு குண்டானை மீறி மேடையில் வழிகிறதே, அது என்ன ஆவியா?

ஆறு பேருக்குக் கணக்கு: இட்லி அரிசி அரை கிலோ, முழு வெள்ளை உளுந்து 125 கிராம், வெந்தயம் அரை டீஸ்பூன். அரைத்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ மாவு, 36 முதல் 40 இட்லி. உப்பு 15 கிராம். அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு. இந்த ஒரு பங்கில் எதுவும் சாகாது. அரைத்ததும் போடு, கையால் கரை, மூடி வை.

பொறுமைசாலி:
அண்ணே, சித்திரையில் வழியும், சரி. மார்கழியில் ஊட்டியில் வழியுமா? உப்பு நொதிப்பதை மெதுவாக்கும். பிறகு போடுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

கல்லுரல்:
என்ன நஷ்டமா? உப்பு கரையணும்னா கலக்கணும். கலக்கினால் எட்டு மணி நேரம் சேர்ந்த காற்று எட்டு விநாடியில் போய்விடும். கலக்காமல் விட்டால் ஒரு இட்லி கரிக்கும், பக்கத்துக் குழி இட்லி சப்பென்று இருக்கும். கல்லுப்பு என்றால் கேட்கவே வேண்டாம், நடு இட்லியில் நறுக்கென்று பல்லில் மாட்டும். மல்லிப்பூவாம்!

பொறுமைசாலி:
கல்லுப்பை அப்படியே யார் கொட்டச் சொன்னது? தூள் உப்பை ரெண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைங்க. அன்றைக்கு வேண்டிய மாவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுங்க. கரண்டியை அடியில் விட்டு மேலே நாலு தடவை மடித்தால் போதும், காற்று எங்கேயும் ஓடாது. மீதி மாவு உப்பில்லாமல் பிரிட்ஜில் இருக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அதிலேயே இட்லி ஊத்தலாம். நீங்க குழந்தைக்குத் தனியா கிரைண்டர் போடுவீங்களோ?

கல்லுரல்:
குழந்தைக்கு வேண்டிய ரெண்டு கரண்டியை உப்பு போடும் முன்னே எடுத்து வை, தம்பி. இதுக்காக ஒன்றரைக் கிலோ மாவையும் பத்தியச் சாப்பாடாக்க வேண்டாம்.

ஈஸ்டு எட்டணா:
உப்பு ஈஸ்டுக்கு ஆகாது. ரொட்டி சுடுகிறவர்களைக் கேளுங்கள்.

கல்லுரல்:
வந்துட்டார். இட்லி மாவைப் பொங்கவைப்பதில் ஈஸ்டு முக்கிய ஆள் இல்லை. லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்கிற பாக்டீரியா. புளிப்பையும் காற்றையும் சேர்த்தே கொடுப்பது அதுதான். கொரியாக்காரர்களின் கிம்ச்சியிலும் ஜெர்மானியர்களின் புளித்த முட்டைக்கோஸிலும் ஆரம்பத்தில் வேலை செய்வது இதே ஆள். அங்கே உப்பு எவ்வளவு? நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேலும். நம் மாவில் ஒன்று. இரண்டில் கும்மாளம் போடுவது ஒன்றில் செத்துவிடுமா?

பொறுமைசாலி:
கிம்ச்சி பொங்கி மேலே எழ வேண்டியதில்லை. புளித்தால் போதும். உதாரணம் தப்பு.

கல்லுரல்:
உயிரோடு இருக்கா இல்லையா என்பதுதான் பேச்சு. எழுவதைப் பற்றி யார் கேட்டது?

பொறுமைசாலி:
இட்லி விவாதத்தில் எழுவதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

தினம் தின்பவன்:
அக்டோபர் 25 பாஸ்தா தினம், பிப்ரவரி 9 பீட்சா தினம். தினம் தினம் இட்லி தின்கிறவனுக்கு எதற்கய்யா தனியாக ஒரு தினம்? யார் கிளப்பிவிட்டது இதை?

ஆவி பறக்க:
சென்னையில் இட்லிக் கடை நடத்திய இனியவன் 2015இல் தொடங்கியது. வெளிநாட்டுச் சரக்கு இல்லை, பதறாதீங்க. பாஸ்தா தினத்துக்குப் பிள்ளைகள் கேட்டால் செய்கிறோம், இட்லிக்கு ஒரு நாள் பாத்திரம் துலக்கினால் கை தேயாது. அன்றைக்கு ராமசேரி மாதிரி செய்து பாருங்கள். பாலக்காட்டுப் பக்கம் சின்ன மண்பானை வாயில் நூல் பின்னி, மேலே துணி போட்டு ஊற்றுவார்கள். தட்டையாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் இருக்கும். வீட்டில் அகலமான தட்டில் ஈரத்துணி போட்டால் ஓரளவு வரும்.

தினம் தின்பவன்:
அதற்குக் காஞ்சிபுரம் இட்லியே போதுமே. மிளகைத் தட்டிப் போட்டால் ஆச்சு.

ஆவி பறக்க:
மிளகு மட்டும் போட்டால் அது மிளகு இட்லி. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் சீரகம், சுக்கு, நெய் எல்லாம் உண்டு. மூங்கில் குடலையில் இலை வைத்து அவிப்பது. டம்ளரில் அவித்துவிட்டுக் கோயில் பேரை வைக்காதீங்க.

தினம் தின்பவன்:
பேருக்குப் பட்டா வாங்கியாச்சு போல.

கல்லுரல்:
காஞ்சிபுரம், பாலக்காடு எல்லாம் அப்புறம் போகலாம். உப்பு கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

ரெண்டுங்கெட்டான்:
பாதி முதலில், பாதி பிறகு போட்டால்?

கல்லுரல்:
பேர் பொருத்தம்.

டொராண்டோ அக்கா:
தம்பிமார், இங்க மாசியில குசினி 18 பாகைதான். உப்புப் போட்டாலும் போடாட்டிலும் எட்டு மணித்தியாலத்தில ஒண்டும் பொங்காது. கேக் சுடுற அவனுக்குள்ள (oven) விளக்கை மட்டும் போட்டு, உழுந்து மாவை 14 மணித்தியாலம் விடுங்கோ. பொங்கும். சூட்டை விட்டிட்டு உப்புக்கு ஏன் சண்டை பிடிக்கிறியள்?

பொறுமைசாலி:
அக்கா, அதைத்தான் நானும் சொல்கிறேன். குளிரில் ஏற்கெனவே மெதுவாகப் போகிற மாவுக்கு உப்பையும் போட்டு ஏன் தடுக்கணும்?

கல்லுரல்:
அக்கா உப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "போட்டாலும் போடாட்டிலும்" என்றார். வாசிக்கத் தெரியணும். போன தை மாதம் வெண்பொங்கல் விவாதத்தில் பாசிப்பருப்பை வறுக்கக் கூடாது என்று 40 பதிவு போட்டவர்தானே நீங்கள்?

பொறுமைசாலி:
வறுக்கவே கூடாது என்று சொல்லவில்லை, சிவக்க வறுக்கக் கூடாது என்றேன். வாசிக்கத் தெரியணும்.

ஈஸ்டு எட்டணா:
அயோடின் உப்புதான் பிரச்சினை. அயோடின் கிருமிநாசினி. புண்ணுக்குப் போடுகிறார்களே!

கல்லுரல்:
அப்படி வாங்க கணக்குக்கு. கடை உப்பில் அயோடின் பத்து லட்சத்தில் 30 பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15 கிராம் உப்பில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. அதுவும் ஒன்றரைக் கிலோ மாவில். புண்ணுக்குப் போடும் மருந்தோடு இதை ஒப்பிடுகிறவர் உப்பை விட்டுவிட்டு உளுந்தைக் கவனிக்கலாம். பழைய உளுந்து உபரி காணாது. நாலு மணி நேரம் ஊறவைத்து மிக்ஸியில் சூடேற அரைத்தாலும் காணாது. ஒரு மணி நேரம் போதும், அதுவும் பிரிட்ஜில். குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து கிரைண்டரில் அரை மணி நேரம். ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கணும், மூழ்கினால் இன்னும் ஓடட்டும். அரிசி தனியாக, குருணைப் பதத்தில். இதையெல்லாம் கோட்டை விட்டுவிட்டு இட்லி கல்லானதும் பழி உப்பு மேல்.

பொறுமைசாலி:
உளுந்து விஷயத்தில் மறுப்பே இல்லை. ஆனால் கேள்வி உளுந்து இல்லையே. உப்பு மெதுவாக்குமா, ஆக்காதா? ஒரு வரியில் சொல்லுங்க.

கல்லுரல்:
கொஞ்சம் மெதுவாக்கும். அதனால்தான் போடச் சொல்கிறேன்! 35 டிகிரி வெயிலில் ராத்திரி பத்து மணிக்கு வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி, அமுங்கி, புளிச்சுப் போகும். உப்பு இருந்தால் அந்த ஓட்டம் கொஞ்சம் அடங்கும்.

பொறுமைசாலி:
ஆக, மெதுவாக்கும் என்று ஒத்துக்கொண்டாச்சு. நன்றி.

கல்லுரல்:
எங்கே ஒத்துக்கொண்டேன்? "செத்துவிடும்" என்பதுதான் அந்தக் குறிப்பு. மெதுவாவதும் சாவதும் ஒன்றா? நீங்க காலையில் மெதுவாகத்தான் எழுந்திருப்பீங்க. செத்துட்டீங்கன்னு சொல்லலாமா?

ஆவி பறக்க:
நடுவில் ஒரு வார்த்தை. தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகே தட்டை வைக்கணும், பத்துப் பன்னிரண்டு நிமிஷம். இறக்கி ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு எடுங்க. சுடச்சுடக் கரண்டி விட்டால் எந்த உப்பு போட்ட இட்லியும் பிய்யும்.

ரெண்டுங்கெட்டான்:
கொத்தமல்லி சட்னிக்கு உப்பு அரைக்கும்போதா, தாளித்த பிறகா?

பொறுமைசாலி:
அரைக்கும்போது.

கல்லுரல்:
பார்த்தீங்களா! சட்னிக்கு மட்டும் முதலிலேயே போடுவார்.

பொறுமைசாலி:
சட்னி பொங்கணுமா அண்ணே? 30ஆம் தேதி காலை ரெண்டு குண்டான் படம் போடுகிறேன். ஒன்றில் உப்பு, ஒன்றில் இல்லை. ஒரே மாவு, ஒரே மாதிரிப் பாத்திரம்.

கல்லுரல்:
படம் யார் வேண்டுமானாலும் போடலாம். ரெண்டையும் பாதிதான் நிரப்பணும், பக்கத்தில் தெர்மாமீட்டர் இருக்கணும். உப்பைக் கரண்டியில் அளக்காதீங்க, கல்லுப்புக்கும் தூளுக்கும் எடை மாறும். தராசில் வைத்து கிராம் சொல்லுங்க. கிராம் இல்லாத படத்தை நான் பார்க்கவே மாட்டேன்.