திருகோணமலைத் துறைமுகமா, பம்பாய் டிரை டாக்கா?

பாய்க்கப்பல் காலத்தில் வங்கக் கடலை ஆள எது முக்கியம்: இலங்கையின் திருகோணமலைத் துறைமுகமா, பம்பாயில் இருந்த டிரை டாக்கா (கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வெளியேற்றி அடிப்பக்கம் செப்பனிடும் தொட்டி)?

குன்னூர் சேகர்:
எங்க ஊர் வெலிங்டன் கன்டோன்மென்ட் பக்கம் எந்த ரிட்டயர்டு ராணுவ ஆபீசரிடம் பேசினாலும், திருகோணமலை யார் கையிலோ வங்கக் கடல் அவர் கையில் என்பார். நானும் அந்தக் கட்சிதான். பாய்க்கப்பல் காலத்தில், அக்டோபர் பாதிக்கு மேல் சோழமண்டலக் கரையில் நிற்க இடமே கிடையாது. மெட்ராஸ் வெறும் திறந்த கடல். சரக்கு இறக்க, அலையைத் தாண்டிக் கரை சேரும் மசூலா படகு வேண்டும். 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே மெட்ராஸைப் பிடித்த சூட்டோடு அக்டோபர் புயல் அவர் கப்பல்களைச் சிதறடித்தது. திருகோணமலை உள்துறைமுகமோ எந்தப் பருவக்காற்றுக்கும் அசையாது. 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் பறித்துக்கொண்டார். ஆங்கிலத் தளபதி ஹியூஸ் செப்டம்பர் 2-ல் வந்து பார்த்தால் பிரெஞ்சுக் கொடி.

கூடலூர் பஷீர்:
பிடிச்சு சுஃப்ரான் என்ன கண்டார் சேகரண்ணே? மறுநாள் சண்டையில் அவரே ஏறியிருந்த கொடிக்கப்பலுக்கே பாய்மரம் போச்சு. துறையில் மாற்று மரம் இல்லை. உள்ளே நுழையும்போது அவருடைய ஓரியான் கப்பல் தரைதட்டி உடைந்ததே, அதன் மரங்களைக் கழற்றித்தான் நட்டார்கள். மற்றவற்றுக்குச் சிறு கப்பல்களை மொட்டையடித்தார்கள். மழைக்காலத்துக்கு அவர் போனது சுமத்ரா தீவின் அச்சே துறைக்கு!

டிரை டாக் இல்லாத துறையில் அடிப்பக்கம் பார்க்கணும்னா பீரங்கி, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் இறக்கி, பாய்மர உச்சியில் கயிறு கட்டிக் கப்பலையே சாய்க்கணும். பழைய மரம் அந்த இழுப்பில் பிளந்துவிடும். பம்பாயில் 1750-களிலேயே டிரை டாக் உண்டு, பின்னால் மலபார் தேக்கு உண்டு. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பாணியைத் தின்னும், தேக்கு தின்னாது. எங்க நாடுகாணி மலைப்பாதை இறங்கினால் மலபாரின் நிலம்பூர். வெட்டி வெட்டிக் காடு தேய்ந்துதான் 1840-களில் கலெக்டர் கனோலி அங்கே தேக்கு நட வைத்தார்.

குன்னூர் சேகர்:
அந்த டாக்குக்கு ஹியூஸ் கொடுத்த விலையையும் சொல்லுங்க. 1782 அக்டோபரில் கப்பல்களைச் செப்பனிட பம்பாய்க்குப் போனவர், திரும்பியது 1783 ஏப்ரலில். நடுவில் மார்ச்சிலேயே பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸி படையோடு கடலூர்ப் பக்கம் இறங்கிவிட்டார் (நம்ம கூடலூர் இல்லை). ஜூனில் திருகோணமலையிலிருந்து சுஃப்ரான் வந்தபோது அவரிடம் 15 கப்பல், ஹியூஸிடம் 18. ஆனால் ஹியூஸின் மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோய், குடிதண்ணீரும் தட்டுப்பாடு. சண்டை முடிந்ததும் மெட்ராஸுக்குப் போய்விட்டார்.

கோத்தகிரி மாலதி:
அந்தச் சண்டை நடந்தது ஜூன் 20. பிரிட்டனும் பிரான்சும் சமாதான முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது ஜனவரி 20! சேதி வருவதற்குள் ஐந்து மாதம். கடைசியில் துறை டச்சுக்காரருக்கே திரும்பியது.

கூடலூர் பஷீர்:
1795-ல் ஆங்கிலேயர் மறுபடி எடுத்தார்களே டீச்சர். அதற்குப் பிறகும் 1817-ல் டிரிங்கோமலி என்று திருகோணமலையின் ஆங்கிலப் பேரையே வைத்த போர்க்கப்பலைக் கட்டியது பம்பாயில்.

குன்னூர் சேகர்:
கட்டுகிற இடம் வேற, காவல் நிற்கிற இடம் வேற பஷீர். வடகிழக்குக் காற்றில் பம்பாயிலிருந்து கடலூருக்கு எப்போது வந்து சேர்வீங்க, அதைச் சொல்லுங்க.